பட்னம் மெமோரியல் பார்க்: வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பாமலிருக்க

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ரெட்டிங் என்ற சிற்றூரில் இருக்கிறது பட்னம் மெமோரியல் ஸ்டேட் பார்க். போய்வந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "அங்கே என்னப்பா இருக்கு, காடும் கல்லுக் குவியலும்தான்." பொய்யில்லை. கோட்டை கிடையாது, பீரங்கி வரிசை கிடையாது, ஆளுயர எல்இடி திரையில் போரை ஓட்டிக் காட்டும் அரங்கம் கிடையாது. ஆனால் அந்தக் கல்லுக் குவியல்தான் விஷயமே, அது ஒரு பழைய படை முகாமின் மிச்சம். அது என்னவென்று தெரியாமல் போனால் அரை மணி நேரத்தில் காருக்குத் திரும்பிவிடுவீர்கள், தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது. அதனால் வழி, பார்க்கிங், சாப்பாடு எல்லாம் பின்னால் சொல்கிறேன், முதலில் கதையைக் கேட்டுவிடுங்கள்.

அமெரிக்க விடுதலைப் போர் 1775இல் தொடங்கியது. அந்தக் காலத்துப் படைகள் குளிர்காலம் வந்தால் பெரும்பாலும் சண்டையை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் முடங்கிவிடும். குதிரைக்குத் தீவனம் கிடைக்காது, பாதையெல்லாம் பனியும் சேறுமாகிவிடும், வேறு வழியில்லை. 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் தங்கியது. அங்கே நோயில் மட்டும் சுமார் 2000 பேர் செத்தார்கள். அடுத்த குளிர்காலம் அவர் படையைப் பிரித்து வைத்தார். பெரும்பகுதி நியூ ஜெர்சியின் மிடில்புரூக்கில் தங்க, ஒரு பிரிவு மேஜர் ஜெனரல் இஸ்ரேல் பட்னம் தலைமையில் ரெட்டிங்குக்கு வந்தது.

ரெட்டிங்கை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு வரைபடத்தைத் திறந்து பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். வடக்கே டான்பரி. படைக்கான உணவும் கூடாரங்களும் சேர்த்து வைத்திருந்த ஊர் அது, 1777 ஏப்ரலில் டிரையன் தலைமையில் வந்த பிரிட்டிஷ் படை அதை எரித்துவிட்டுப் போயிருந்தது, மறுபடி அப்படி நடக்க விடக்கூடாது. தெற்கே லாங் ஐலண்ட் சவுண்ட் கடற்கரை, மேற்கே ஹட்சன் ஆறு. எந்தப் பக்கம் எதிரி வந்தாலும் ஆள் அனுப்பத் தோதான இடம். விறகுக்கும் வீடு கட்டவும் மரம் உண்டு, தண்ணீர் உண்டு. சுமார் 3000 பேர், மூன்று முகாம்கள். இன்றைய பூங்கா அந்த மூன்றில் ஒன்றுதான். அதில் தங்கியவர்கள் ஈனக் பூர் என்பவரின் நியூ ஹாம்ப்ஷயர் படைப்பிரிவும், மோசஸ் ஹேசனின் கனடா ரெஜிமென்ட்டும். ஹேசனோடு வந்த கனடாக்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்: அவர்கள் ஊர் பிரிட்டிஷ்காரன் கையில், இந்தப் பக்கம் சேர்ந்துவிட்டதால் திரும்பிப் போகவும் முடியாது.

கனெக்டிகட் படைப்பிரிவுகள் இருந்த மற்ற இரண்டு முகாம்களும் பூங்காவுக்கு வெளியே இருந்தன. ரெட்டிங்கின் பெரிய கலவரம் அவர்கள் பக்கம்தான் நடந்தது. சம்பளம் வரவில்லை, வந்த காகிதப் பணத்துக்கும் மதிப்பில்லை, துணி தருகிறோம் என்று சொன்னதும் வரவில்லை. 1778 டிசம்பர் கடைசியில் சிப்பாய்கள் ஆயுதத்தோடு திரண்டு, ஹார்ட்ஃபோர்டுக்கே நடந்துபோய் மாநிலச் சட்டசபையிடம் கேட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டார்கள். பட்னம் குதிரையில் வந்து பேசித் தணித்து அவர்களைக் குடிலுக்குத் திருப்பி அனுப்பினார். ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற பதினெட்டு வயதுப் பையன் அந்தக் குளிர்காலத்தில் ரெட்டிங்கில் சிப்பாயாக இருந்தான், கிழவனான பிறகு தன் படை வாழ்க்கையை எழுதி வைத்தான். ஜெனரல்கள் பேசுவதைவிட அவன் பசியைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். போவதற்கு முந்தின இரவு அவனைப் பற்றி நாலு பக்கம் தேடிப் படித்துக்கொள்ளுங்கள், நான் சொல்வதைவிட அது பத்து மடங்கு உதவும்.

சரி, எப்போது போவது? என் கட்சி நவம்பர், இல்லையென்றால் ஏப்ரல் முற்பாதி. எல்லோரும் அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் கனெக்டிகட்டுக்கு வருகிறார்கள், அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நீங்கள் பார்க்க வந்தது தரையில் கிடக்கும் கல். கோடையில் பெரணியும் புதரும் மண்டி, பாதையை ஒட்டிய குவியல்களைத் தவிர மற்றது கண்ணில் படாது. இலை உதிர்ந்த பிறகு போனால் நிலத்தின் ஏற்ற இறக்கம் முழுக்கத் தெரியும், எங்கே சரிவு, எங்கே மேடு, முகாமை ஏன் இந்த வளைவில் போட்டார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே புரியும். பனி விழுந்து உறைந்துவிட்டால் பாதை வழுக்கும், அப்போது பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். ஒரே ஒரு சங்கடம்: இங்குள்ள சின்ன மியூசியமும் தகவல் மையமும் கோடைப் பருவத்தில்தான், அதுவும் வார இறுதியை ஒட்டித்தான் திறந்திருக்கும். மியூசியம் முக்கியம் என்றால் கோடை, இடம் முக்கியம் என்றால் நவம்பர். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் இடம்தான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது கூட்டிப்போவதென்றால் அது பெரும்பாலும் ஜூன், ஜூலையாகத்தான் இருக்கும். பரவாயில்லை, போகலாம். முக்கியப் பாதை அகலமானது, மேட்டில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றில்லை, ஆங்காங்கே நின்று நின்று போகலாம். காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள், அவ்வளவுதான். பூங்கா காலை 8 மணிக்குத் திறந்து சூரியன் மறையும்போது மூடும்.

வழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜிபிஎஸ்ஸில் வெறுமனே "பட்னம்" என்று போட்டுவிடாதீர்கள். கனெக்டிகட்டின் வடகிழக்கு மூலையில் பட்னம் என்று ஒரு ஊரே இருக்கிறது, பூங்காவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்தில் பட்னம் கவுன்டி வேறு. எல்லாம் இந்த ஒரே ஜெனரலின் பெயர்தான். "பட்னம் மெமோரியல் ஸ்டேட் பார்க், ரெட்டிங்" என்று முழுசாகப் போடுங்கள். ரூட் 58ம் ரூட் 107ம் சேரும் இடத்தில் வாசல். டான்பரியிலிருந்து இருபது நிமிடம், நியூயார்க் நகரத்திலிருந்து என்றால் டிராஃபிக் விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஃபேர்ஃபீல்டு பக்கத்திலிருந்து வருபவர்கள் ரூட் 58ஐப் பிடித்து ஈஸ்டன் வழியாகவே வாருங்கள், நீர்த்தேக்கங்களை ஒட்டி வளைந்து வளைந்து வரும் நல்ல சாலை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மினி பஸ் எடுத்து வருவதாக இருந்தால் மெரிட் பார்க்வே பக்கம் போகாதீர்கள், அதில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் அனுமதியில்லை, பழைய பாலங்கள் தாழ்வானவை.

ரயிலில் வர முடியுமா என்று கேட்பார்கள். மெட்ரோ நார்த்தின் டான்பரி கிளைத்தடத்தில் பெத்தல், ரெட்டிங் இரண்டுக்கும் ஸ்டேஷன் உண்டு. ஆனால் எங்கே இறங்கினாலும் பூங்காவுக்குச் சில மைல் பாக்கி இருக்கும். ரூட் 58இல் நடைபாதை கிடையாது, வளைவுகளில் கார்கள் வேகமாக வரும், நடந்து வரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெத்தலில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம், திரும்புவதற்கும் அதே காரை அப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. கனெக்டிகட் நம்பர் பிளேட் உள்ள வண்டிகளுக்கு 2018லிருந்து மாநிலப் பூங்காக்களில் பார்க்கிங் இலவசம், அந்தப் பணம் வண்டிப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கப்பட்டுவிடுகிறது. வெளிமாநில வண்டி என்றால் கிளம்பும் முன் பூங்காவின் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வாசலிலேயே ஒரு வெண்கலச் சிலை. குதிரை படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது, மேலே பட்னம். பலர் ஒரு போட்டோ எடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நில்லுங்கள். 1779 பிப்ரவரியில், அதாவது இதே முகாம் காலத்தில், பட்னம் கடற்கரையோரம் கிரீன்விச்சில் இருந்தபோது பிரிட்டிஷ் படை வந்துவிட்டது. துரத்தி வந்தவர்கள் செங்குத்தான கற்படிச் சரிவின் உச்சியில் தயங்கி நிற்க, இவர் குதிரையோடு அதில் இறங்கித் தப்பினார் என்பது கதை. அப்போது அவருக்கு வயது 61, ஆளும் கொஞ்சம் கனமான ஆள். சிலையைச் செய்தவர் ஆனா ஹயட் ஹன்டிங்டன், 1969இல் இது வைக்கப்பட்டபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். குதிரைகளைப் பார்த்துப் பார்த்து வாழ்நாளெல்லாம் செய்தவர், நியூயார்க் ரிவர்சைடு டிரைவில் இருக்கும் ஜோன் ஆஃப் ஆர்க் சிலையும் இவருடையதுதான். பக்கவாட்டில் போய் நின்று குதிரையின் முன்னங்கால்கள் எந்தக் கோணத்தில் படியைத் தேடுகின்றன என்று பாருங்கள், எனக்கு ஜெனரலைவிடக் குதிரையைத்தான் பிடித்திருக்கிறது.

உள்ளே மேட்டில் கிரானைட் தூண் ஒன்று நிற்கும். 1887இல் இந்த இடம் நினைவுப் பூங்காவானது, மறு வருடம் இந்தத் தூணை எழுப்பினார்கள். மரக்கட்டையால் ஆன காவல் கட்டடங்களும் குடில்களும் அங்கங்கே தென்படும். அவையெல்லாம் பிற்காலத்தில் கட்டியவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் என்று நினைத்து அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, உண்மையான ஒரிஜினலைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒரிஜினல் எது? பாதையோரம் வரிசையாகக் கிடக்கும் கற்குவியல்கள். ஒவ்வொன்றும் ஒரு குடிலின் கணப்பு. சிப்பாய்கள் மரத்தை வெட்டிச் சுவர் அடுக்கி, இடுக்கில் களிமண் பூசி, ஒரு பக்கம் கல்லால் கணப்பும் புகைபோக்கியும் கட்டிக்கொண்டார்கள். 1779இல் படை கிளம்பிப் போனபின் மரம் போய்விட்டது, கூரை போய்விட்டது, கல் மட்டும் சரிந்து விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. இரட்டை வரிசையாக, நடுவில் தெரு விட்டு, கிட்டத்தட்ட கால் மைல் நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குடில்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் இல்லை. பாசி பிடித்திருக்கும், நவம்பர் என்றால் ஓக் இலைகள் பாதியை மூடியிருக்கும்.

இங்கேதான் மெதுவாக நடக்க வேண்டும். முதலில் ஒரு குவியலை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். கற்கள் ஒரு பக்கம் கெட்டியாகவும் இன்னொரு பக்கம் சிதறியும் கிடக்கும். பெரிய கற்கள் எங்கே, சின்னவை எங்கே என்று பாருங்கள், அடியில் இருப்பவை அதிகம் நகர்ந்திருக்காது, மேலே இருந்த புகைபோக்கிக் கல்தான் தூரப் போய் விழுந்திருக்கும். அப்புறம் அங்கிருந்து அடுத்த குவியலுக்கு எத்தனை எட்டு என்று நடந்து பாருங்கள். அடுத்ததற்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். அடுத்ததற்கும். அப்போதுதான் புத்தியில் உறைக்கும், இது காடு இல்லை, தெரு. யாரோ நூல் பிடித்து அளந்து, இங்கே உன் கம்பெனி, அங்கே அவன் கம்பெனி என்று பிரித்துக் கொடுத்த தெரு. தெருவின் ஒரு முனையில் நின்று மறு முனையைப் பாருங்கள், இலையில்லாத மாதத்தில் குவியல்களின் கோடு கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பிள்ளைகள் கூட வந்தால் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். வேலி ஃபோர்ஜில் வாஷிங்டன் வகுத்த குடில் அளவு 14 அடிக்கு 16 அடி, அதில் 12 பேர். ரெட்டிங்கிலும் ஒரு குடிலுக்கு 12 பேர் என்பதுதான் பொதுவான கணக்கு. 14ஐ 16ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் தலைக்குப் பத்தொன்பது சதுர அடி கூட வராது. நம் வீட்டுக் கோரைப்பாய் ஒன்று விரித்தால் எவ்வளவு இடமோ அவ்வளவு. அதற்குள் ஆள், துப்பாக்கி, நனைந்த துணி, கணப்புப் புகை. பரப்பிலிருந்து கணப்புக்கும் கதவுக்கும் இடம் கழிக்க வேண்டும், அதனால்தான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பரண் போட்டுப் படுத்தார்கள். மாதிரிக் குடில் திறந்திருந்தால் பிள்ளைகளை உள்ளே நிற்க வைத்துக் காட்டுங்கள். என்னோடு வந்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டுப் பாத்ரூம் எங்கே என்றான். சரியான கேள்வி. முகாமில் ஆட்கள் செத்தது குண்டடி பட்டதைவிட அந்த விஷயத்தால்தான் அதிகம், கழிவுக்குழியைத் தள்ளி வெட்டு, கண்ட இடத்தில் போகாதே என்று அந்தக் காலப் படை உத்தரவுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

தெருவைத் தாண்டிப் பாதையில் போனால் ஃபிலிப்ஸ் கேவ் என்ற பாறைக்குகை வரும். போர் முடிந்தபின் ஃபிலிப் என்ற பழைய சிப்பாய் ஒருவன் இங்கேயே வந்து குடியிருந்தான் என்று சொல்வார்கள். குகை என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், பாறைகளுக்கு நடுவே ஒதுங்குமிடம், அவ்வளவே. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஈரமாக இருந்தால் பாறை வழுக்கும். மியூசியம் 1921இல் கட்டியது. தோண்டியெடுத்த பொத்தான், குண்டு மாதிரிச் சின்னச் சாமான்கள்தான் அங்கே மதிப்பானவை. திறந்திருந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவை நடந்து பார்த்தபின் ஒரு பொத்தானைப் பார்ப்பதும், பார்க்காமல் பார்ப்பதும் வேறு வேறு.

சில கட்டுப்பாடுகள். குவியல் மேல் ஏறாதீர்கள், போட்டோவுக்காகக் கூட. கல்லை எடுத்து அடுக்கி விளையாடுவது இப்போது எல்லா மலையிலும் ஒரு பழக்கமாகிவிட்டது, இங்கே அதைச் செய்தால் இருநூறு வருடமாக நகராமல் கிடந்த சாட்சியைக் கலைத்தது போலாகும். மெட்டல் டிடெக்டர் கூடவே கூடாது. தொல்லியல்காரர்களுக்கு ஒரு பொத்தான் கிடைத்தது என்பதைவிட அது எந்தக் குடிலில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதுதான் செய்தி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் அந்தச் செய்தி போச்சு. நாயைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டிவர வேண்டும்.

சாப்பாடு உள்ளே கிடைக்காது. புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், உட்கார்ந்து சாப்பிட மேசைகள் உண்டு. கனெக்டிகட் மாநிலப் பூங்காக்களில் குப்பைத்தொட்டி வைப்பதில்லை, கொண்டுவந்த குப்பையைக் கொண்டே போக வேண்டும், அதனால் ஒரு பெரிய கவர் எடுத்து வையுங்கள். தண்ணீரும் கையோடு இருக்கட்டும். மேப்பை முன்னாலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேடும் காடுமான இடத்தில் சிக்னலை நம்பி நிற்க வேண்டாம்.

ரூட் 58 பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது. முகாம் இருந்தது கிழக்குப் பக்கம். மேற்குப் பக்கம் குளமும் நடைபாதைகளும் உள்ள காடு, நேரமிருந்தால் போகலாம், இல்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பதில் மிச்ச நேரத்தைப் பக்கத்து காலிஸ் பி. ஹன்டிங்டன் ஸ்டேட் பார்க்குக்குக் கொடுங்கள். வாசலில் பார்த்த அதே சிற்பி வாழ்ந்த பண்ணையின் நிலம் அது, முகப்பில் அவர் செய்த கரடிகளும் ஓநாய்களும் நிற்கின்றன. பட்னம் இளவயதில் வடகிழக்குக் கனெக்டிகட்டில் ஆட்டைத் தின்ற ஓநாயைக் குகைக்குள் தவழ்ந்துபோய்ச் சுட்டதாக ஒரு புகழ்பெற்ற கதை உண்டு, பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அந்த ஓநாய்களின் முன்னால் நிற்பதைவிட நல்ல இடம் கிடைக்காது. மார்க் ட்வைன் தன் கடைசி இரண்டு வருடத்தைக் கழித்ததும் ரெட்டிங்கில்தான், 1910இல் இங்கேயே இறந்தார், அவர் தொடங்கி வைத்த நூலகம் இன்றும் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது கொஞ்சம் கனமானது. ரெட்டிங்கில் கேலோஸ் ஹில் என்று ஒரு குன்று, அதன் பெயரில் சாலையும் இருக்கிறது. 1779 பிப்ரவரியில், முகாம் ஒழுங்கு குலைந்துகொண்டிருந்தபோது, எட்வர்டு ஜோன்ஸ் என்பவரை உளவாளி என்று தூக்கிலிட்டார்கள், ஜான் ஸ்மித் என்ற சிப்பாயைப் படையை விட்டு ஓடியதற்காகச் சுட்டார்கள். இரண்டும் ஒரே நாளில், எல்லோரும் பார்க்க. டிசம்பரில் பேசித் தணித்த அதே பட்னம்தான் பிப்ரவரியில் இதற்கும் உத்தரவிட்டவர். குதிரையோடு படியில் இறங்கியதும் அந்த மாதத்தில்தான். சிலை காட்டுவது இதில் ஒன்றைத்தான். அங்கே இறங்கிப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, வீடுகள் உள்ள பகுதி, காரில் அந்தப் பக்கமாகப் போனால் போதும்.

கூட்டத்தோடு பார்க்கத்தான் பிடிக்கும் என்றால் இலையுதிர்காலத்தில் பழைய சீருடையில் வந்து கூடாரம் போட்டு முகாம் வாழ்க்கையை நடித்துக் காட்டும் நாட்கள் உண்டு, தேதியைப் பூங்காவின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வெடிச் சத்தம் பெரிதாக இருக்கும், கைக்குழந்தை உள்ளவர்கள் தள்ளி நில்லுங்கள். அங்கே சமைத்துக்கொண்டிருப்பவரிடம் போய்ப் பேச்சுக் கொடுங்கள், சுடுகிறவர்களைவிட அவருக்குத்தான் விஷயம் அதிகம் தெரியும்.

கடைசியாக, உண்ணி. லைம் நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்ற ஊரே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது, 1975 வாக்கில் அங்கே பிள்ளைகளுக்கு மூட்டுவீக்கம் வந்ததைத் தொடர்ந்துதான் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், மே முதல் ஜூலை வரை அதிகம், குளிர் குறைவான நவம்பர் நாளில் பெரிய உண்ணியும் நடமாடும். முழுக்கால் பேன்ட் போட்டு அதை சாக்ஸுக்குள் செருகுங்கள், ஃபேஷன் பார்க்காதீர்கள். வேட்டி, புடவையில் வரும் பெரியவர்களைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள். குவியல்களுக்கு நடுவே மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி என்ற செடியும் இருக்கலாம், தொட்டால் இரண்டு வாரம் அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியைத் துவைக்கும் முன்னாலேயே டிரையரில் நல்ல சூட்டில் பத்து நிமிடம் ஓட விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், பிள்ளைகளின் தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம், நுனி கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போய், எந்தத் தேதியில் எங்கே போயிருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.